பஞ்சு அழிவின்மை விதி

ஓர் எஸ்.யூ.வி.யின் சைலன்சரை முன்வைத்துச் செய்த கள ஆய்வு

முன்னுரை

முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ ஆய்வேடுகளுக்கு நெறியாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் பாதியை நான் படித்ததில்லை. மீதியை எழுதியவர்களே படித்ததில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக ஓர் ஆய்வையாவது நானே களத்தில் இறங்கிச் செய்துவிட வேண்டும் என்று இருந்தேன். பொருள் தானாக வந்து கோவையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நின்றது என்பதைவிட உறுமியது என்பது பொருந்தும்.

அக்கா மகன் போன தையில் ஸ்கார்ப்பியோ-என் வாங்கினான். பெட்ரோல், ஆறு கியர், இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. சுமார் 200 குதிரைத்திறன். பாரி மன்னன் தேர் கொடுத்தபோதுகூட இத்தனை குதிரை சேர்த்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நான்கு மாதம் ஓட்டிவிட்டு வந்து சொன்னான்:

“வண்டி நல்லாத்தானுங்க மாமா இருக்குது. ஆனா சத்தமே இல்லீங்க. ரோட்டுல போனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டீங்கறான்.”

இந்தப் பேச்சின் முதல் பாதி வண்டியைப் பற்றியது, இரண்டாம் பாதி ஊரைப் பற்றியது. நடுவில் ‘ஆனா’ என்று ஓர் இடைச்சொல். இந்த ஆய்வு முழுவதும் அந்த இடைச்சொல்லைப் பற்றியதுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது: பிக்கப் என்பது காலில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா?

பெயர்ப்பொருத்தம்

பிரிட்டிஷ்காரர் சைலன்சர் என்றார். அமெரிக்கர் மஃப்ளர் என்றார். மார்கழியில் கழுத்தில் சுற்றிக்கொள்கிறோமே, அதே சொல்தான். தமிழில் ஒலியடக்கி. சத்தத்தை அடக்குவது ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பொருளை, சத்தம் பத்தவில்லை என்று கழற்றிப்போட்டு, “நல்லா சத்தம் வர்ற சைலன்சர் இருக்குங்களா” என்று கடை கடையாக விசாரிக்கும் வழக்கத்தை இலக்கணத்தில் முரண் என்றுதான் வகைப்படுத்த முடியும். ஊமையனில் நன்றாகப் பேசுகிறவனாகப் பார்த்துக் கேட்பது போல.

இன்னொரு சான்றும் இலக்கணத்திலிருந்தே கிடைக்கிறது. வண்டிச் சத்தத்தைத் தமிழன் ஒற்றையாகச் சொல்வதில்லை. புல்லட் டப்டப், டீசல் ஜீப் கடகட, பழைய மொபெட் புர்புர். இரட்டைக்கிளவி இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இதை நான் முப்பத்தோரு வருடமும் ‘சலசல’, ‘கலகல’ என்றே நடத்தித் தீர்த்தேன். எந்திரவியல் உண்மை இப்போதுதான் விளங்குகிறது. புல்லட் ஒரே ஒரு முறை ‘டப்’ என்றால் வண்டி நின்றுவிட்டது என்று பொருள். இறங்கி உதைக்க வேண்டும்.

புல்லட்டின் டப்டப் ஏன் எண்ணிப் பார்க்கும்படி விழுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஒற்றைச் சிலிண்டர் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு எட்டு வெடி. அதைக் காது தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் அதே வேகத்தில் சுற்றினால் விநாடிக்கு 33. அதற்குமேல் காது எண்ணுவதை விட்டுவிட்டு அதை ஒரே நீண்ட சுரமாக வாங்கிக்கொள்ளும். எண்ண முடிந்தது தாளம், எண்ண முடியாதது சுருதி. 1950-களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் என்னும் மிருதங்கம் செய்து பழகிய நாட்டில், என் மருமகன் தம்பூராவை வாங்கிவிட்டு மிருதங்கச் சத்தம் வரவில்லை என்கிறான்.

முன்னோர் செய்த ஆய்வுகள்

இத்துறையின் மூலவர் ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர். துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909-ல் காப்புரிமை பெற்றவர். அதே சூத்திரத்தை எஞ்சின்களுக்கும் கொண்டுபோனார். இவருடைய தந்தை யார் என்பதுதான் விசேஷம். 1884-ல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்த சர் ஹிராம் மாக்சிம்தான் அவர். சுட்டுச் சுட்டே அவருக்குக் காது மந்தமாகிப் போனது. அப்பா எழுப்பிய சத்தத்தை மகன் அடக்கப் பார்த்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இது தலைகீழாக நடந்தது. என் அத்தான் நாற்பது வருடம் நூல்மில்லில் வேலை பார்த்தும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

சத்தம் சொத்து என்பதை ஹார்லி டேவிட்சன் கம்பெனி உணர்ந்திருந்தது. தன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழல் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1994-ல் மனுப் போட்டது. மற்ற கம்பெனிகள் ஆட்சேபித்தன. ஆறு வருடம் இழுத்து, 2000-ல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜெர்மனியில் பென்ஸ் ஜி 63 வேறு வழி கண்டது: புகைக்குழலைப் பின்னால் விடாமல் பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே விட்டது. எட்டு சிலிண்டரின் பேச்சு, சாலையோரம் நடந்து போகிறவரின் முழங்காலை நோக்கி நேரடியாக நடக்கும்.

கோவைக்கும் இதில் பங்கு உண்டு. ஜி.டி. நாயுடு தம் வாழ்க்கையைத் தொடங்கியதே ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியதில்தான். வண்டியைப் பிரிப்பது எங்கள் ஊரில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. மறுபடி பூட்டும்போது மிச்சம் விழும் போல்ட்டுகளை வைத்துத்தான் ஒருவன் நாயுடுவா, என் மருமகனா என்று தெரியும்.

பட்டறைக் காட்சி

கணபதிப் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். லிஃப்டில் ஏற்றிய வண்டிக்கு அடியில் நான், மருமகன், பட்டறைக்காரர் மூவரும் அண்ணாந்து நின்றோம். திருநள்ளாற்றில்கூட நான் இவ்வளவு பயபக்தியுடன் நின்றதில்லை. பட்டறைக்காரர் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். எஞ்சினிலிருந்து வரும் புகை முதலில் டர்போவைச் சுற்றுகிறது. அடுத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு. அதன் பிறகு ஒரு சின்ன உருளை, அதுதான் ரெசனேட்டர். கடைசியில் பெரிய டப்பா, சைலன்சர்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூலையில் பாதியாக அறுத்துப்போட்ட ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே மூன்று அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள். எங்கள் ஊர்த் தொட்டிக்கட்டு வீடுதான். முன்வாசலில் யாராவது கத்தினால் அந்தச் சத்தம் ஆசாரத்தில் மோதி, நடையில் திரும்பி, சமையலறைக்குப் போய்ச் சேரும்போது முனகலாகிவிடும் அல்லவா? அதேதான். போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. அறைகளைச் சுற்றிச் சாம்பலும் மஞ்சளுமாக ஏதோ அடைத்திருந்தது.

“இதென்னங்க?”

“கிளாஸ் உல்லுங்க சார். கண்ணாடிப் பஞ்சு. மீதிச் சத்தத்தை இது குடிச்சுரும்.”

இந்தப் பஞ்சை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கையால் மட்டும் தொட வேண்டாம். மூன்று நாள் அரிக்கும்.

“இப்பச் சொல்லுங்க தம்பி,” என்றார் மருமகனிடம். “சத்தம் வேணுமுங்களா, பவர் வேணுமுங்களா? சத்தம்னா எங்கிட்டயே ஆகிப்போச்சு. பவர்னா கம்ப்யூட்டர்காரன்கிட்டப் போகோணும்.”

“ரெண்டும் வருமுங்களே அண்ணா. யூடியூப்ல போட்டிருந்தானே.”

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். எத்தனையோ வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என்னை அதே பார்வை பார்த்திருக்கிறார்.

அவர் சொன்னதைத் துறை வழக்கில் சொன்னால் இப்படி வரும். டர்போ இல்லாத பழைய எஞ்சினில் புகைக்குழல் ஒரு நுட்பமான சமாச்சாரம். வெளியேறும் புகையின் உந்துதல் அடுத்த புகையை இழுத்துக்கொண்டு போகும். குழாயை இஷ்டத்துக்கு அகலப்படுத்தினால் அந்த ஓட்டம் தளர்ந்து, கீழ் வேகத்தில் வண்டி சோம்பும். இதைத்தான் ஊரில் “பேக் பிரஷர் இருந்தாத்தான் வண்டி இழுக்கும்” என்று தப்பாகச் சொல்கிறார்கள். எதிரழுத்தம் எந்த எஞ்சினுக்கும் உதவி செய்ததில்லை. டர்போ எஞ்சினிலோ, வெளியேறும் புகையின் ஆவேசத்தைச் சுழலியே வாங்கித் தின்றுவிடுகிறது. அதனால்தான் டர்போ வண்டிகள் பிறவியிலேயே மெதுவாகப் பேசுகின்றன. சுழலியை ஒட்டிய குழாயை மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரையும் மறுபடி எழுதினால் குதிரைகள் கூடும். அங்கே கை வைத்தால் கன்வர்ட்டர் குறுக்கே நிற்கும், ஆக்ஸிஜன் சென்சார் புகார் சொல்லும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வாரண்டி போகும். கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் மாறுவது கடைசி டப்பா மட்டுமே.

“அப்ப டப்பாவை மட்டும் மாத்துங்கண்ணா,” என்றான் மருமகன்.

முந்நூற்று நான்காம் நம்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆர்கான் வெல்டிங், நேர்க்குழல், இரட்டை வாய். 42,000 ரூபாய். பழைய டப்பாவைச் சாக்கில் சுற்றி எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம். அதைப் பட்டறைக்காரர் வற்புறுத்திக் கொடுத்தனுப்பினார். “தூக்கிப் போட்றாதீங்க சார். எல்லாரும் திரும்ப வருவாங்க.”

ஆய்வு முறையும் முடிவுகளும்

முதல் சோதனை ஒலி அளவு. நிற்கும் வண்டியின் சத்தத்தைக் குழல் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் கருவியை வைத்து அளப்பது உலக வழக்கம். நானும் அப்படியே செய்தேன். கருவி என் செல்போன். அதைத் தாங்கியது அக்காவின் ஊறுகாய் ஜாடி. பழையதற்கும் புதியதற்கும் ஏறக்குறைய 10 டெசிபல் வித்தியாசம். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் மனிதக் காதுக்கு அது இரண்டு மடங்காகத்தான் தோன்றும். எதிர்வீட்டு நாய்க்கு எத்தனை மடங்காகத் தோன்றியது என்று தெரியவில்லை. அது அன்று முதல் கார் ஷெட்டை விட்டு மாடிப்படிக்குக் குடி மாறிவிட்டது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அரை மீட்டரில் 100 டெசிபல் அடிக்கும் ஒரு குழலிலிருந்து வெளிவரும் மொத்த ஒலியாற்றல், ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கு தேறினால் அதிகம். சாமி அறையில் ஜீரோ வாட் பல்பு என்று ஒன்று எரிகிறதே, அதுவே பத்து வாட்டுக்கு மேல் எடுக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். தெருவையே எழுப்பும் அந்த உறுமல் முழுவதையும் திரட்டி ஒரு குதிரையின் முதுகில் வைத்தால், ஈ உட்கார்ந்ததாக நினைத்து வாலைக்கூட ஆட்டாது.

இரண்டாவது சோதனை பிக்கப். விடியற்காலை ஐந்தரைக்கு நீலம்பூர் தாண்டி, மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை. மருமகன் மிதிக்க, நான் செல்போனில் விநாடி அளந்தேன். சைலன்சர் மாற்றும் முன் ஐந்து ஓட்டம், மாற்றிய பின் ஐந்து ஓட்டம். வித்தியாசம் என் கட்டைவிரலின் நடுக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எனக்கு வயது அறுபத்திரண்டு. விரலை மட்டும் குறை சொல்ல முடியாது.

“மிஷின் தப்பாக் காட்டுதுங்க மாமா. எனக்கே தெரியுது, அப்படியே சீட்டோட சேத்து அமுக்குது.”

இங்கேதான் ஆய்வு திசை திரும்பியது. மூன்றாவது சோதனைக்கு அக்காவின் விளக்குத்திரிப் பஞ்சில் கொஞ்சம் எடுத்துப் போனேன். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? மருமகனின் இரு காதிலும் இறுக்க அடைத்து, அதன்மேல் பைக் ஓட்டும்போது கட்டும் கம்பளித் தொப்பியையும் மாட்டி, கண்ணாடியை ஏற்றி, அதே சாலை, அதே கியர், அதே வேகம். மூன்று ஓட்டம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, பஞ்சை எடுத்தான். முகம் வாடிப் போயிருந்தது.

“என்னங்க மாமா, இன்னிக்கு இழுக்கவே மாட்டீங்குது. பெட்ரோல் சரியில்லைன்னு நெனைக்கறேன்.”

ஸ்டாப்வாட்ச் அதே விநாடியைத்தான் காட்டியது. ஐந்து ரூபாய்ப் பஞ்சு ஒரு வண்டியின் குதிரைகளை விரட்டிவிட்டது. கருதுகோள் நிறுவப்பட்டது: பிக்கப் காலில் இல்லை.

பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நீலம்பூர் ஓரத்தில் நின்றிருந்தபோதுதான் எனக்கு அந்த விதி பிடிபட்டது. நியூட்டனுக்கு ஆப்பிள் என்பார்கள், கோவைக்காரனுக்குப் பஞ்சு. இயற்பியல் புத்தகங்களில் ஆற்றல் அழிவின்மை விதி என்று ஒன்று உண்டு. அதன் வழியொற்றி இதைப் பஞ்சு அழிவின்மை விதி என்று அழைக்கலாம்: *ஒரு சைலன்சரிலிருந்து எடுக்கப்படும் பஞ்சு அழிவதில்லை, அது வண்டியிலிருந்து ஊரார் காதுக்கு இடம் மாறுகிறது.*

நிரூபணம் எளிது. பழைய டப்பாவில் பஞ்சு இருந்தவரை எங்கள் தெருவில் எவர் காதிலும் பஞ்சு இல்லை. புதியது மாட்டிய பதினைந்தாம் நாள், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் இரண்டு காதிலும் பஞ்சோடு பால் வாங்க நின்றார். சளி என்றார். மார்கழிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

துணை விதி

இந்த விதிக்கு ஒரு கிளை உண்டு. சத்தத்தின் சொந்தக்காரருக்கு அது சரியாகக் கேட்பதில்லை. குழலின் வாய் பின்னால், ஓட்டுகிறவரின் காது முன்னால், நடுவில் ஏசிக்காக ஏற்றிய கண்ணாடி. தன் முகத்தைத் தான் பார்க்க ஒருவனுக்குக் கண்ணாடி வேண்டும். தன் சைலன்சரைத் தான் கேட்க அவனுக்குச் சுவர் வேண்டும். ஆகவே மருமகன் மதில்சுவர் உள்ள தெருக்களாகத் தேடிப் போனான். அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அடியில் வண்டி புகுந்ததும் கண்ணாடியை இறக்கி, கிளட்சை மிதித்து, ஒரு முறுக்கு முறுக்குவான். பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மேம்பாலத்தை ஜி.டி. நாயுடு பெயரில் கட்டியது போக்குவரத்து நெரிசலுக்காக என்று அரசு நினைத்துக்கொண்டிருக்கிறது.

“இப்பக் கேட்டீங்களா மாமா?”

கேட்டேன். எங்களுக்கு முன்னால் போன ஸ்கூட்டிப் பெண்மணியும் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒருவர் திரும்பிப் பார்த்தார் என்பதை ஆய்வு நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும்.

உள்ளே கேட்கும் சத்தம் வேறு ரகம். ஆடிப்பெருக்குக்குப் பவானிக்குக் குடும்பத்தோடு போனபோது அது தெரிந்தது. ஆறாவது கியரில், நூறை ஒட்டிய வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 2,000 சுற்றில் நிற்கும். நான்கு சிலிண்டருக்கு விநாடிக்கு 66.7 வெடி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்கிறோமே, அந்தச் சுரத்தின் கீழ் ஸ்தாயி ஒன்று 65.4. அதாவது கோவையிலிருந்து பவானி வரை வண்டி ஒரு கட்டைச் சுருதியில் ஆதார ஸட்ஜம் பிடித்துக்கொண்டே வந்தது. கமகம் இல்லை, மூச்சு விடவும் இல்லை. 3,000 சுற்றுக்கு ஏற்றினால் 100 ஹெர்ட்ஸ். அது ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயிக்கு, 98-க்கு, பக்கத்தில் வரும். எட்டு சிலிண்டர் வண்டியாக இருந்தால் அதே 3,000-ல் 200 ஹெர்ட்ஸ், பாடகிகள் பலர் உட்காரும் ஐந்து கட்டை. எட்டு சிலிண்டருக்கு ஏன் அத்தனை விலை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

இந்த ஒற்றைச் சுர ரீங்காரத்தை வண்டிக்காரர்கள் ட்ரோன் என்கிறார்கள். அதற்கு மருந்தும் இருக்கிறது: ஒரு முனை அடைத்த குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டவைப்பது. அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால் அந்தச் சுரம் மட்டும் தன்னைத் தானே அடித்துக்கொண்டு சாகும். சூடான புகையில் ஒலி காற்றில் போவதைவிட வேகமாகப் போகும்; ஆகவே 67 ஹெர்ட்ஸை அடக்கக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர்க் குழாய் வேண்டும். சத்தத்துக்காக 42,000, அதில் ஒரு சுரத்தை எடுக்க இன்னும் 8,000. அக்கா பெருந்துறையிலேயே சொல்லிவிட்டாள்: “ஏன்டா, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறியா?” இத்துறையில் எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான அளவீடு அதுதான்.

சட்டப் பார்வை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சட்டம் சுருக்கமாகத்தான் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை வரம்பை மீறினால் 190-ஆவது பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் போதும் என்கின்றன. எங்கள் வீட்டு மிக்ஸியே இந்தச் சட்டத்தைத் தினமும் காலை மீறுகிறது. சில ஊர்களில் போலீஸ், பிடித்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றிக் காட்டியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சைலன்சர் முழு அமைதி அடைவது அந்த ஒரு தருணத்தில்தான்.

எதிர்கால ஆய்வுக்குரிய களம்

புகையே இல்லாத வண்டிகள் வந்துவிட்டன, இனி இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். தவறு. டாட்ஜ் கம்பெனி 2022-ல் காட்டிய மின்சாரக் காருக்கு, புகை இல்லாவிட்டாலும் புகைக்குழல் போன்ற ஒரு சத்தக் கருவியை வைத்து, 126 டெசிபல் வரும் என்று பெருமையாக அறிவித்தது. நம் பக்கத்தில் நாகரிகமாகச் செய்தார்கள். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் இரண்டு மின்சார எஸ்.யூ.வி.களுக்கு ஓசை அமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான். சைலன்சர் பட்டறையிலிருந்து ஒலிப்பதிவுக்கூடத்துக்கு விஷயம் போய்விட்டது. குழல் போனாலும் பஞ்சுக்கு வேலை இருந்துகொண்டுதான் இருக்கும்.

கள ஆய்வின் முடிவு

சத்தத்தால் நன்மையே விளையவில்லை என்று சொன்னால் அது பக்கச்சார்பு. தெருமுனை பேக்கரியை வண்டி தாண்டும்போதே அக்கா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். வண்டி கேட்டுக்குள் நுழைந்து, அவன் ஷூவைக் கழற்றிக் கை கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் விழும். இரண்டு மாதம் ஒரு நாளும் தப்பவில்லை. ரெயில்வேகூட இவ்வளவு துல்லியமாக ஒரு முன்னறிவிப்பைச் செய்ததில்லை.

சிக்கலும் அந்தப் பேக்கரியிலேயே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி. மருமகனின் மனைவி அவனுக்குப் போன் போட்டாள். மீட்டிங் இன்னும் முடியவில்லை, ஆபீசிலேயே இருக்கிறேன், பத்தாகிவிடும் என்றான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றாள். போனிலும் சரி, தெருமுனையிலும் சரி, ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் ஒரு முறுக்கு கேட்டது. கூட்டாளி எவனோ பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நின்று, “ஒருக்கா ஆக்சிலேட்டரை மிதிச்சுக் காட்டு மாப்ளே” என்று கேட்டிருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை அணைத்துவிட்டு உள்ளே வந்து, அத்தையிடம், “தோசைக்கல்லு இப்ப வேண்டாமுங்க அத்தை, பத்து மணிக்கு வெச்சாப் போதும்” என்றாள்.

அவளுக்கு எந்தச் சோதனையிலும் நான் பஞ்சு கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருமகன் வந்து, ஒன்றும் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சாக்கைத் தோளில் சுமந்து இறங்கினான். கூடப் போனேன். பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து லிஃப்ட் பட்டனை அமுக்கினார், ஏன் என்று கேட்கவில்லை. பழைய டப்பாவை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கூலி 1,200 ரூபாய், கேஸ்கட் தனி.